'ஆமாம்' என்று சொல்லுமுன்

கோர்ட் படி ஏறாமல் வாழ்ந்து முடிப்பது பெரும் பாக்கியம் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். பிழைப்பைத் தேடி வந்த ஊரில் அந்தப் பாக்கியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. தெருச் சண்டையில் பெயர் சேர்க்கப்பட்டவர், செக் திரும்பிய வழக்கில் சிக்கியவர், வாடகை வீட்டுத் தகராறில் மாட்டியவர், விபத்து நஷ்டஈட்டுக்காக அலைபவர், கண்ணால் கண்டதைச் சொல்லப் போய் சாட்சியாகிவிட்டவர் என்று பலரும் ஏதாவது ஒரு நாள் அந்த வராந்தாவில் நிற்க வேண்டி வருகிறது. அப்படி நிற்கும் நம்மவர் பலருக்கும் உள்ளே நடப்பது ஊமைப்படம் பார்ப்பது போலத்தான் இருக்கிறது. வக்கீல் பேசுகிறார், நீதிபதி பேசுகிறார், டைப்பிஸ்ட் அடிக்கிறார். வழக்கு யாருடையதோ அவருக்கு மட்டும் ஒன்றும் புரிவதில்லை.

இதைக் கன்னடத்தின் மீது குறையாகச் சொல்லவில்லை. பெங்களூரில் நாலைந்து ஆண்டு வேலை செய்தவருக்குக் கன்னடம் ஓரளவு காதில் ஏறிவிடுகிறது. சாட்சி என்றால் அங்கும் சாட்சிதான். 'ஜாமீனு' என்றால் நம் ஜாமீன்தான். தடுமாற்றம் வருவது ஆங்கிலச் சொற்களில்தான். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஆங்கிலம் தெரியாத தொழிலாளி மட்டுமல்ல, தினமும் ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் குமாஸ்தாவும் கோர்ட் ஆங்கிலத்தில் வழுக்கி விழுகிறார். ஆபீசில் 'லீவ்' என்றால் விடுமுறை. உச்ச நீதிமன்றத்தில் 'லீவ் கிராண்ட்டட்' என்றால் அப்பீலை நடத்த அனுமதி கிடைத்தது என்று பொருள். ஆஸ்பத்திரியில் 'டிஸ்சார்ஜ்' ஒன்று, கோர்ட்டில் 'டிஸ்சார்ஜ்' வேறொன்று. மனுவின் கடைசியில் வரும் 'ப்ரேயர்' சாமி கும்பிடுவதல்ல, கோரிக்கை. 'எக்சிகியூஷன்' மனு வந்திருக்கிறது என்றதும் தூக்குத் தண்டனையோ என்று வீட்டார் பதறுவதுண்டு. சிவில் வழக்கில் கிடைத்த டிக்ரியை நிறைவேற்றித் தரக் கேட்கும் மனுதான் அது.

இவை சிரித்துவிட்டுப் போகக்கூடிய குழப்பங்கள். சிரிக்க முடியாத குழப்பமும் உண்டு. 'ப்ளீட் கில்ட்டி' என்ற சொல்லில் வருவது அத்தகையது.

பீன்யாவில் லேத் பட்டறையில் வேலை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீராமபுரத்தில் குடியிருக்கும் தெருவில் அடிதடி. விலக்கிவிடப் போனவர் பெயரும் வழக்கில் சேர்ந்துவிட்டது. மூன்று வாய்தா அலைந்தாயிற்று. மூன்று நாள் கூலியும் போயிற்று. நான்காம் வாய்தாவில் மாஜிஸ்திரேட் குற்றச்சாட்டைப் படிக்கிறார். 'கில்ட்டியா' என்று கேட்கிறார். பக்கத்தில் நிற்கும் யாரோ ஒருவர், "ஒத்துக்கிட்டா ஃபைன் கட்டிட்டு இன்னிக்கே போயிடலாம்" என்று காதில் சொல்கிறார். நம்மவரும் "ஆமாங்க ஐயா" என்று சொல்லி, அபராதத்தைக் கட்டிவிட்டு வீடு திரும்புகிறார். வழக்கு தொலைந்தது என்று அவருக்கு நிம்மதி.

ஆனால் வழக்கு தொலையவில்லை. அவர் குற்றவாளி என்று கோர்ட் பதிவேட்டில் ஏறிவிட்டது. நாளைக்குக் கம்பெனி போலீஸ் சரிபார்ப்புக் கேட்கும்போது, முன்பு தண்டனை பெற்றதுண்டா என்ற கேள்விக்கு உண்டு என்றே அவர் எழுத வேண்டும். மேல் கோர்ட்டுக்குப் போகலாம் என்றாலும் கதவு பாதி மூடிவிட்டது. மாஜிஸ்திரேட் முன் தானே குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், தண்டனையின் அளவு பற்றியும் அது சட்டப்படி சரியா என்பது பற்றியும் மட்டுமே பொதுவாக அப்பீல் செய்யலாம். நான் அடிக்கவே இல்லை என்று அங்கே போய் வாதாட முடியாது.

குற்றம் செய்தவர் ஒப்புக்கொள்வது தவறல்ல. அது நேர்மையும்கூட. எதை ஒப்புக்கொள்கிறோம் என்று தெரியாமல் ஒப்புக்கொள்வதுதான் தவறு. சட்டமும் அதை விரும்பவில்லை. குற்றச்சாட்டைப் படித்தால் மட்டும் போதாது, குற்றம் சாட்டப்பட்டவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை. அதன் பிறகே, குற்றத்தை ஒப்புக்கொள்கிறாரா, விசாரணையைக் கோருகிறாரா என்று கேட்க வேண்டும். 'க்ளெய்ம் டு பி ட்ரைட்' என்பது அந்த இரண்டாவது வழி. 'நான் குற்றம் செய்யவில்லை, விசாரியுங்கள்' என்பதே அதன் பொருள். அப்படிக் கேட்பது நீதிபதியை எதிர்த்துப் பேசுவதாகாது.

இந்த இடத்தில் ஒன்று கூற வேண்டும். 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டமும், 1872-இன் சாட்சியச் சட்டமும், 1973-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் 2024 ஜூலை 1 முதல் விலக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய சாக்ஷ்ய அதினியம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா ஆகியவை வந்துள்ளன. சினிமாவிலும் திண்ணைப் பேச்சிலும் ஊறிப்போன '420' இப்போது 318 ஆகிவிட்டது. '302' இப்போது 103. எண்கள் மாறியதால் பழைய வழக்குகளைப் பார்த்துத் தேறியவர்களுக்கும் புதுக் குழப்பம். ஆனால் கீழே நாம் சொல்லும் உரிமைகள் பழைய சட்டத்தில் இருந்தவையே. அவை புதிய சட்டத்திலும் தொடர்கின்றன.

முதலில் வருவது சம்மன். இன்ன தேதியில் இன்ன கோர்ட்டுக்கு வா என்ற அழைப்பு அது. அதை வாங்கிக்கொண்டு போகாமலிருந்தால் வாரண்ட் வரும். 'பெய்லபிள் வாரண்ட்' என்றால் போலீசாரிடமே பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே இருக்கலாம். 'நான் பெய்லபிள் வாரண்ட்' என்றால் பிடித்துக்கொண்டு போய் கோர்ட்டில் நிறுத்துவார்கள். ஒரு வாய்தாவுக்குப் போகத் தவறியதால் இப்படிக் கைதானவர்கள் பலர். ஊரில் திருவிழா, சாவு என்று போக நேர்ந்தால் வக்கீலிடம் முன்கூட்டிச் சொல்லி அனுமதி மனுப் போடச் செய்ய வேண்டும்.

'நான் பெய்லபிள்' என்ற சொல் இன்னோர் இடத்திலும் வருகிறது. குற்றங்களில் சில 'பெய்லபிள்'. அவற்றில் ஜாமீன் பெறுவது உரிமை. ஸ்டேஷனிலேயே ஜாமீனில் விட வேண்டும். மற்றவை 'நான் பெய்லபிள்'. இதைக் கேட்டதும் ஜாமீனே கிடையாது என்று குடும்பமே அழத் தொடங்கிவிடுகிறது. அதைச் சாக்காக வைத்து இடைத்தரகர்கள் பணம் பறிப்பதும் நடக்கிறது. ஜாமீன் கொடுப்பதும் மறுப்பதும் நீதிபதியின் முடிவுக்கு விடப்பட்டிருக்கிறது என்பதே அதன் அர்த்தம். மனுப் போட்டுக் கேட்கலாம், கிடைப்பதும் உண்டு.

ஜாமீன் கிடைத்தாலும் 'ஷூரிட்டி' என்ற ஜாமீன்தாரர் தேட வேண்டும். பக்கத்து அறைவாசியைத் தவிர வேறு யாரையும் அறியாத தொழிலாளி, இந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார்? இக்கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1978-இல் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு கொத்தனாருக்கு மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டார். அவருடைய சகோதரர் ஜாமீன் நிற்க வந்தபோது, அவரும் அவர் சொத்தும் வேறு மாவட்டத்தில் இருப்பதாகக் கூறி ஏற்க மறுத்துவிட்டார். மோத்திராம் வழக்கு எனப்படும் இவ்வழக்கில் தீர்ப்பளித்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், மலையாளியோ கன்னடியரோ தமிழரோ தெலுங்கரோ தூர தேசத்து ஊரில் கைதானால் அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரரை எங்கிருந்து கொண்டு வருவார் என்று கேட்டார். வெளி மாவட்டத்தவர், வெளி மாநிலத்தவர் என்பதற்காக ஜாமீன்தாரரைத் தள்ளக் கூடாது என்றார். அந்தக் கொத்தனாரை 1,000 ரூபாய் சொந்த ஜாமீனில் விடச் சொன்னார். நம் போன்றவர்களுக்காகவே எழுதியது போன்ற தீர்ப்பு அது. ஜாமீன் பெறத்தக்க குற்றத்தில், கைதாகி ஒரு வாரத்திற்குள் ஜாமீன்தாரர் கொடுக்க முடியாதவரை ஏழை என்றே கருதி, சொந்தப் பிணைப் பத்திரத்தின் மீது விட வேண்டும் என்று பிறகு சட்டத்திலேயே எழுதப்பட்டது. புதிய சட்டத்திலும் அது இருக்கிறது. 'பர்சனல் பாண்ட்' என்ற இரண்டு சொற்களை நம்மவர் மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது.

அடுத்தது சாட்சி விசாரணை. சாட்சியை அழைத்து வந்த தரப்பு முதலில் கேட்பது 'சீஃப்'. எதிர்த்தரப்பு மடக்கிக் கேட்பது 'கிராஸ்', அதாவது குறுக்கு விசாரணை. கிராஸில் எதிர்த்தரப்பு வக்கீல், நீ சொல்வது பொய் என்று முகத்துக்கு நேரே சொல்வார். நேர்மையான தொழிலாளிக்கு ரோஷம் வந்துவிடும். ஆனால் அது வசையல்ல. தன் கட்சிக்காரரின் நிலையைச் சாட்சியிடம் சொல்லிப் பதில் வாங்கியாக வேண்டும் என்பது வக்கீலின் கடமை. 'சஜஷன்' என்று அதற்குப் பெயர். கோபப்படாமல் "அது சரியல்ல" என்று சொன்னால் போதும்.

இங்கே தமிழருக்கென்றே ஒரு குழி வெட்டப்பட்டிருக்கிறது. "நீங்கள் அன்று அங்கே இல்லைதானே?" என்று ஒருவர் கேட்டால், அங்கே இல்லாத தமிழர் "ஆமாம்" என்பார். 'ஆமாம், இல்லை' என்று நம் வழக்கப்படி அர்த்தம். ஆங்கில வழக்கு அதற்கு நேர் எதிர். இல்லாதவர் 'நோ' என்றுதான் சொல்ல வேண்டும். 'யெஸ்' என்றால் இருந்தேன் என்றாகிவிடும். தமிழில் சொன்ன 'ஆமாம்' ஆங்கிலத்தில் 'யெஸ்' என்று தாளில் ஏறினால், இல்லாதவர் இருந்தவராகிவிடுவார். இதற்கு ஒரே மருந்து, ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாமலிருப்பதுதான். "நான் அன்று அங்கே இல்லை", "நான் அன்று அங்கே இருந்தேன்" என்று முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.

சாட்சி தமிழிலேயே சொல்லலாமா? சொல்லலாம். கோர்ட் மொழி தெரியாத சாட்சி தனக்குத் தெரிந்த மொழியில் சொல்வதைச் சட்டம் ஏற்கிறது. அதை அதே மொழியில் எழுத முடியாவிட்டால் சரியான மொழிபெயர்ப்பைத் தயாரித்துச் சேர்க்க வேண்டும். எழுதிய பிறகு சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும். எழுதிய மொழி அவருக்குப் புரியாவிட்டால் புரியும் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும். தவறு இருந்தால் அப்போதே சொல்ல வேண்டும். அவசரத்தில் இதெல்லாம் விட்டுப்போகிறது. வரிசையாக நூறு வழக்கு காத்திருக்கும்போது யாருக்குப் பொறுமை? ஆனால் கேட்டால் மறுக்க முடியாத உரிமை இது.

குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இதே பாதுகாப்பு உண்டு. அவர் கோர்ட்டில் இருக்கும்போது அவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் சொல்லப்பட்டால், திறந்த கோர்ட்டிலேயே அவருக்குப் புரியும் மொழியில் அதை எடுத்துச் சொல்ல வேண்டும். பழைய சட்டத்தில் 279-ஆவது பிரிவு, புதியதில் 314. காவலில் வைக்கப்பட்டவர் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 1962-லேயே கண்டிப்புக் காட்டியிருக்கிறது. மகாராஷ்டிர மாநிலத்தில் தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட ஒருவருக்குக் காரணங்கள் ஆங்கிலத்தில் தரப்பட்டன. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. போலீஸ் அதிகாரி வாயால் விளக்கியது போதாது, அவர் அறிந்த மொழியில் எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும் என்று கூறிய உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது.

'ஹோஸ்டைல்' என்ற சொல்லும் அடிக்கடி காதில் விழும். நம் பத்திரிகைகள் பிறழ் சாட்சி என்று எழுதுகின்றன. அழைத்து வந்த தரப்புக்கு எதிராகச் சாட்சி பேசும்போது, அவரையே மடக்கிக் கேட்க அத்தரப்பு கோர்ட்டின் அனுமதி கேட்கும். ஹோஸ்டைல் என்று அறிவிக்கப்பட்டதாலேயே அவர் பொய்யர் என்றோ, அவர் சொன்னது முழுவதும் தள்ளுபடி என்றோ ஆகாது.

அரசுத் தரப்புச் சாட்சிகள் முடிந்ததும் வருவது வக்கீல்கள் 'த்ரீ தர்ட்டீன்' என்று சொல்லிப் பழகிய கட்டம். புதிய சட்டத்தில் அது 351-ஆவது பிரிவு. நீதிபதியே குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்த்து, உனக்கு எதிராக இப்படி இப்படிச் சாட்சியம் வந்திருக்கிறது, என்ன சொல்கிறாய் என்று கேட்பார். இதற்குச் சத்தியப் பிரமாணம் கிடையாது. பதில் சொல்ல மறுத்தாலும் அதற்காகத் தண்டனை இல்லை. ஆனால் சொல்லும் பதிலைத் தீர்ப்பில் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். மாதக்கணக்கில் வாயைத் திறக்காமல் நின்றவருக்கு, தன் பக்கத்து நியாயத்தைத் தானே சொல்லக் கிடைக்கும் சந்தர்ப்பம் அது. கேள்வி புரியாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் அந்தச் சந்தர்ப்பம் வீணாகிறது.

கடைசியில் தீர்ப்பு. 'அக்விட்டட்' என்றால் விசாரணை முடிந்து விடுதலை. அதே குற்றத்துக்காக மறுபடி வழக்குப் போட முடியாது. அரசு மேல் கோர்ட்டில் அப்பீல் செய்யலாம். 'டிஸ்சார்ஜ்' என்றால் விசாரணைக்குப் போகுமளவுக்கு ஆதாரமே இல்லை என்று குற்றச்சாட்டு வனையும் முன்னரே விடுவிப்பது. புதிய ஆதாரம் கிடைத்தால் வழக்கு திரும்பி வரக்கூடும். 'பெனிபிட் ஆஃப் டவுட்' என்பது சந்தேகத்தின் பலன். அப்படி விடுதலையானவரைப் பாதிக் குற்றவாளி போலப் பார்ப்பது நம்மிடையே உள்ள கெட்ட பழக்கம். விடுதலை விடுதலையே.

தண்டனை என்று வந்தால் மூன்று சொற்களைக் கவனிக்க வேண்டும். 'கன்கரண்ட்' என்றால் பல தண்டனைகளையும் ஏக காலத்தில் அனுபவிக்கலாம். இரண்டு ஆண்டும் ஓராண்டும் விதித்தால் மொத்தம் இரண்டே ஆண்டு. 'கன்செக்யூட்டிவ்' என்றால் ஒன்றன்பின் ஒன்றாக, மூன்று ஆண்டு. 'செட் ஆஃப்' என்றால் விசாரணைக் காலத்தில் சிறையில் இருந்த நாட்களைக் கழித்துக்கொள்வது. இதை வக்கீல் கேட்டு உத்தரவில் எழுதச் செய்தாரா என்று பார்க்க வேண்டும்.

சிவில் வழக்கில் ஒரே ஒரு சொல்லைச் சொல்லி நிறுத்துகிறோம். 'எக்ஸ் பார்ட்டே' என்பது ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. வாடகை வழக்கிலோ கடன் வழக்கிலோ நோட்டீஸ் வந்தும் போகாமலிருந்தால், எதிராளி சொன்னதை மட்டும் கேட்டுத் தீர்ப்பாகிவிடும். அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான் கெடு. சம்மன் முறையாக வந்து சேரவில்லையென்றால் தீர்ப்புத் தெரிய வந்த நாளிலிருந்து அந்த 30 நாள்.

தமிழ்நாட்டில் கீழ்க் கோர்ட்டுகளில் தமிழில் சாட்சியம் எழுதவும் தீர்ப்புச் சொல்லவும் 1976-இல் சட்டம் வந்தது. உயர் நீதிமன்றங்களிலும் உச்ச நீதிமன்றத்திலும், அரசியல் சட்டத்தின் 348-ஆவது பிரிவின்படி, பொதுவாக ஆங்கிலமே. உச்ச நீதிமன்றம் 2019-இல் தன் தீர்ப்புகளைப் பிராந்திய மொழிகளில் வெளியிடத் தொடங்கியது. தமிழிலும் இப்போது கிடைக்கின்றன. இது வரவேற்கத்தக்கது. ஆனால் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தமிழில் கிடைப்பதைவிட, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கேட்கும் முதல் கேள்வி தமிழில் கிடைப்பதே நம் தொழிலாளிக்கு அவசரம்.

ஆகவே நாம் கோருவது இதுதான். பிற மாநிலத் தொழிலாளர் மிகுந்த நகரங்களில், ஒவ்வொரு கோர்ட் வளாகத்திலும் தமிழ், தெலுங்கு, இந்தி, ஒரியா, வங்க மொழி அறிந்த மொழிபெயர்ப்பாளர்களின் பட்டியல் இருக்க வேண்டும். அவர்களுக்கு நாள்கூலி கொடுக்க வேண்டும். பியூனோ, காவலுக்கு வந்த கான்ஸ்டபிளோ மொழிபெயர்க்கும் வழக்கம் ஒழிய வேண்டும். வழக்கு நடத்தும் வக்கீல்களும், வாய்தா முடிந்ததும் இரண்டு நிமிஷம் நின்று, இன்று என்ன நடந்தது என்று கட்சிக்காரருக்குச் சொல்வதைக் கடமையாகக் கொள்ள வேண்டும். நம் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் சிறப்பாக நடத்துகின்றன. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வக்கீல் ஒருவரை அழைத்து இந்தச் சொற்களை விளக்கச் செய்தால் அதுவும் தமிழ்த் தொண்டுதான்.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்ற கவலைக்கும் வழியுண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்கள், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர், காவலில் இருப்பவர் ஆகியோர் வருமானம் எவ்வளவானாலும் இலவச வக்கீல் பெறலாம். மற்ற ஏழைகளுக்கு வருமான வரம்பு உண்டு. கோர்ட் வளாகத்திலேயே அதற்கான அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

அதற்கெல்லாம் முன்பு, நம்மவர் ஒவ்வொருவரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கோர்ட்டில் நிற்கும்போது மூன்று வாக்கியங்களைச் சொல்லப் பழக வேண்டும். "எனக்குப் புரியவில்லை." "தமிழில் சொல்லச் செய்யுங்கள்." "வக்கீலைக் கேட்டுப் பதில் சொல்கிறேன்." படிக்காமலும், படித்துக் காட்டச் சொல்லிக் கேட்காமலும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

புரியவில்லை என்று சொல்ல நம்மவர் கூச்சப்படுகிறார்கள். மேஸ்திரியிடமும், மானேஜரிடமும், மாஜிஸ்திரேட்டிடமும் 'ஆமாம்' என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். பிழைக்க வந்த ஊரில் பணிவு நல்லதுதான். ஆனால் கூண்டில் நிற்கும்போது, புரியாமல் சொன்ன ஒரு 'ஆமாம்' ஆயுள் முழுவதும் கூட வரும். அங்கே 'புரியவில்லை' என்று சொல்லும் துணிவே முதல் பாதுகாப்பு.